இரண்டு கால் அரணையும் குளத்து முறையும்

செம்மணல் வெளியின் நடுவே ஒரு குளம். அந்தக் குளத்துக்குத் தலைவன் ஓர் உடும்பு. அவன் உடம்பைவிட அவன் வால் நீளம் என்பதால் எல்லாரும் அவனைப் பெருவாலன் என்று அழைத்தார்கள்.

ஆஸ்திரேலியா என்னும் தூர தேசத்தின் உள்நாடு அது. மண் சிவப்பு. வேல மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாத தூரத்தில் தனித்தனியே நின்றன. இடையில் ஊசிப்புல். மழை வந்தால் வந்ததுதான். வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்த வருஷம் மழை வரவில்லை.

தண்ணீர் குறையக் குறையக் குளத்தருகே சண்டை மிகுந்தது. தவளை குடிக்க வந்தால் பாம்பு காத்திருந்தது. பாம்பு குடிக்க வந்தால் கழுகு காத்திருந்தது. அதனால் பெருவாலன் ஒரு முறை வகுத்தான். விடியலில் கங்காருக்கள் குடிக்கும். வெயில் ஏறும்போது பல்லி, ஓணான், உடும்பு என்று பல்லிக் குலம் குடிக்கும். உச்சி வேளை பாம்புக் குலத்துக்கு. சாயும் வேளை பறவைகளுக்கு. ஒரு குலத்தின் முறையில் இன்னொரு குலம் தலைகாட்டக் கூடாது.

ஒவ்வொரு முறை முடிந்ததும் வாலாட்டிக் குருவி வந்து, கரை மணலைத் தன் வாலால் கூட்டிச் சமமாக்கும். புதிதாக வருபவர் யாரானாலும் அந்த மணலின் மேல் நடந்து வரவேண்டும். பெருவாலன் குனிந்து தடத்தைப் படிப்பான்.

"நாலு கால், நடுவில் வால்கோடு. நீ பல்லிக் குலம். வெயில் ஏறியதும் வா!"

"கால் இல்லை, வெறும் அலை. பாம்புக் குலம். உச்சிக்கு வா!"

அதன்பின் ஒரு கேள்வி கேட்பான். "உன் குலத்துக்கு ஊர் எது?"

அதற்குப் பதில் சொல்வது காகத்தின் வேலை. ஊர்சுற்றி என்று அதற்குப் பெயர். வானத்திலிருந்து பார்த்து, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தலைவனுக்குச் சொல்லும். குலமும் ஊரும் உறுதியானால்தான் தண்ணீர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஒரு காலையில், பல்லிக் குலம் குடித்துக்கொண்டிருந்த நேரம். கூட்டிய மணலில் புதுத் தடம் ஒன்று தெரிந்தது. பெருவாலன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"இது என்ன கூத்து! முன்னால் பாம்பு, பின்னால் பல்லியா?"

மணலில் ஒரு மெல்லிய அலை. அலையின் இரண்டு பக்கமும், பின்பாதியில் மட்டும், குத்தூசியால் தொட்டதுபோலக் குட்டிக் குட்டிப் புள்ளிகள்.

"நான்தான் தலைவரே!" என்று ஒரு சிறு குரல் கேட்டது.

மணலை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப்பார்த்தது. பிறகு உடம்பு வந்தது. விரல் நீள உடம்பு. எண்ணெய் பூசிய செம்புக் கம்பி மாதிரிப் பளபளப்பு. முன்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பின்னால் மட்டும் இரண்டு குட்டிக் கால்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே விரல்கள்.

அது ஒரு பெண் அரணை. பளபளப்பைப் பார்த்து வாலாட்டிக் குருவிதான் முதலில் அவளை மினுக்கி என்று கூப்பிட்டது. பிறகு எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

"தண்ணீர் குடிக்க வந்தேன். இதுவரை இலைச்சருகில் இறங்கும் பனியை நக்கியே காலம் தள்ளினேன். இப்போது பனியும் இல்லை. என் வயிற்றில் குட்டிகள் இருக்கின்றன. ஈரமணல் கிடைக்காவிட்டால் பிழைக்கமாட்டா."

பெருவாலன் தாடையைச் சொறிந்தான். அருகில் குடித்துக்கொண்டிருந்த பெண் பல்லியைக் கூப்பிட்டான். "மொட்டைவாலி, இங்கே வா! இவள் உங்கள் கூட்டமா?"

மொட்டைவாலி சுற்றிவந்து பார்த்தாள்.

"ஐயோ, கையைக் காணோமே! கையில்லாதவளை எங்கள் கூட்டம் என்று சொன்னால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? இருக்கிற தண்ணீரே எங்களுக்குப் பற்றவில்லை. இவள் பாம்பு. பாம்புகளிடமே அனுப்புங்கள்!"

உச்சி வேளை வந்தது. பாம்புகளின் தலைவன் சாட்டை நெளிந்து வந்தான். நீளமும் மெலிவுமாகச் சாட்டைபோலவே இருப்பான். மினுக்கியை மேலும் கீழும் பார்த்து உஸ்ஸென்று சிரித்தான்.

"பாம்புக்குக் காலா! அதுவும் பின்னால் மட்டுமா! இந்த அவமானம் எங்களுக்கு எதற்கு? எடுத்துக்கொண்டு போங்கள்!"

"நான் எங்கே போவேன்?" என்றாள் மினுக்கி.

"அது உன் பாடு."

பெருவாலன் ஊர்சுற்றியைப் பார்த்தான். காகம் இறக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தது.

"தலைவரே, வடக்கே மணல்மேடு வரை பறந்திருக்கிறேன். தெற்கே உப்பு ஏரி வரை பறந்திருக்கிறேன். இப்படி ஒரு தடத்தை எங்கேயும் பார்த்ததில்லை. இவள் ஒருத்திதான். ஒருத்தி எப்படிக் குலமாவாள்? ஒரு மரம் எப்படி ஊராகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். மினுக்கி சிரிக்கவில்லை. காகம் சொன்னதில் அவளுக்கே சந்தேகம் இல்லை. பிறந்த அன்றே உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக மணலுக்குள் போய்விட்டார்கள். தாய் போன திசைகூட அவளுக்குத் தெரியாது. அவளைத் தேடி ஒருமுறை வந்த துணையும் போனவன் திரும்பவில்லை; அவனும் இறந்திருப்பான் என்றே நினைத்தாள். அந்த ஒற்றை வேல மரத்தடியில், சருகுக் குவியலுக்குள், உலகத்தில் தான் ஒருத்தியே என்று எண்ணிக்கொண்டுதான் அவள் இத்தனை காலமும் இருந்தாள்.

பெருவாலன் கொடியவன் அல்லன். முறையை மீறாதவன், அவ்வளவுதான்.

"பார் அம்மா," என்றான். "குளத்து நடுவே வெள்ளைப் பாறை தெரிகிறதல்லவா? அதன் அடி வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கிவிட்டால் புதியவர் யாருக்கும் முறை தரமாட்டேன். அதற்குள் உன் குலத்துக்கு ஊர் இருக்கிறது என்று காட்டு. காட்டிவிட்டால், எந்தக் குலம் என்று அப்புறம் பார்க்கலாம். காட்ட முடியாவிட்டால் மன்னித்துக்கொள்."

மினுக்கி பாறையைப் பார்த்தாள். அடி தெரிய ஒரு சாண் தண்ணீர்தான் பாக்கி.

அவள் திரும்பிப் போகும்போது காகம் தத்தித் தத்திப் பின்னால் வந்தது.

"தங்கச்சி, கவலைப்படாதே! உன் ஆட்கள் எங்காவது இருந்தால், எல்லாரையும் மணலுக்கு மேலே வந்து வரிசையாகப் படுக்கச் சொல். நான் வானத்திலிருந்து ஒரே பார்வையில் பார்த்துத் தலைவரிடம் சொல்லிவிடுகிறேன். உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"

சொல்லும்போதே அதன் அலகு ஈரமாக இருந்தது. மினுக்கி அதைக் கவனித்தாள்.

"ரொம்ப நல்லது அண்ணே," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று மணலுக்குள் மறைந்தாள்.

மணலுக்குள் போவது அவளுக்கு மீன் தண்ணீருக்குள் போவதுபோல. மேலே வெயில் கொதித்தது. கீழே குளிர்ச்சியான இருட்டு. அவள் தன் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். வயிற்றுக்குள் குட்டிகள் அசைந்தன.

கோபமா, துக்கமா என்று தெரியவில்லை. வாலைத் தூக்கி மணலை ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல அடித்தாள்.

மணல் அதிர்ந்து அடங்கியது.

பிறகு, எங்கோ தூரத்திலிருந்து, ஓர் அடி திரும்பி வந்தது.

மினுக்கி மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடியும் தட்டினாள். மறுபடியும் பதில் வந்தது. இந்தத் தடவை வேகமாகவும் எரிச்சலாகவும் வந்தது.

அந்த அதிர்வு வந்த திசையைப் பார்த்து அவள் மணலுக்குள் நீந்தினாள். குளத்துக்குப் போனதைத் தவிர, தன் மரத்தின் நிழலைத் தாண்டி அவள் போனதே இல்லை. இப்போது போனாள். வேர்கள் வந்தன. புதிய சருகின் வாசனை வந்தது. அடுத்த வேல மரம்!

"யாரது, என் தூக்கத்தைக் கெடுப்பது?" என்று ஒரு குரல் அதட்டியது.

"நீங்கள் யார்?" என்றாள் மினுக்கி.

"நான் யாரா? என் மரத்தடிக்கு வந்து என்னையே யார் என்கிறாயா? வெளியே போ! பாம்பா நீ? பாம்பாக இருந்தால் நான் இங்கே இல்லை!"

அவள் முகத்தருகே ஒரு முகம் நீண்டது. செம்பு நிறம். பளபளப்பு. அவளைப் போலவே.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்தார்கள்.

"உனக்கும் கையில்லையா?" என்றான் அவன், குரல் தாழ்ந்து.

"இல்லை."

"விரல்?"

"பக்கத்துக்கு இரண்டு."

"அடக் கடவுளே! இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்து எத்தனை நாள் அழுதிருக்கிறேன் தெரியுமா? அடுத்த மரத்தில் நீ இருந்தாயா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானும் அதையேதான் நினைத்து அழுதேன். நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பெயர் முணுமுணுப்பன். ஆள் இல்லாத இடத்தில் தனக்குத்தானே பேசிப் பேசி, பெயரையும் தானே வைத்துக்கொண்டவன்.

மினுக்கி குளத்து முறையைச் சொன்னாள். தலைவனின் கெடுவைச் சொன்னாள். காகம் சொன்ன யோசனையையும் சொன்னாள்.

"மேலே வந்து வரிசையாகப் படுப்பதா!" முணுமுணுப்பன் துள்ளினான். "அவன் பார்க்கவா வருகிறான்? பந்திக்கல்லவா வருகிறான்! மினுக்கி, செத்தாலும் மேலே மட்டும் வரமாட்டேன்."

"வரவேண்டாம்," என்றாள் மினுக்கி. அவள் கண்ணிமைகள் மெல்ல மூடித் திறந்தன. அவளுக்குள் ஒரு யோசனை பிறந்தது. "யாரும் மேலே வரவேண்டாம். ஆனால் எனக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த மரத்தைப் பார்த்து மணலைத் தட்டுங்கள்."

"அங்கே யாருமில்லை."

"நாம் இரண்டு பேரும் நேற்றுவரை அப்படித்தான் நினைத்தோம்."

முணுமுணுப்பன் தட்டினான்.

பதில் வந்தது.

அதற்கப்புறம் மினுக்கி அலைய வேண்டியிருக்கவில்லை. தட்டல் மரத்துக்கு மரம் போனது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஓர் அரணை திடுக்கிட்டு விழித்தது. "யாரது?" என்று கேட்டது. "நான் மட்டும்தான் என்று நினைத்தேனே!" என்று சொன்னது. பிறகு அடுத்த மரத்துக்குத் தட்டியது. வடக்கே போன செய்தி மணல்மேட்டில் முட்டித் திரும்பியது. தெற்கே போன செய்தி உப்பு ஏரியின் கரையைத் தொட்டுத் திரும்பியது. வெயிலில் வெறுமையாகக் கிடந்த செம்மணலுக்குக் கீழே ஓர் ஊர் முழுவதும் பேச ஆரம்பித்திருந்தது. மேலே போன ஈமுக்கோழிக்கு அது தெரியவில்லை. நிழலில் படுத்திருந்த கங்காரு மட்டும் காதை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனது.

வெள்ளைப் பாறையின் அடியைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்வளையம் மட்டும் மிச்சமிருந்த காலையில் மினுக்கி குளத்துக்கு வந்தாள். தாகத்தில் அவள் பளபளப்பு மங்கியிருந்தது. வயிறு கனத்திருந்தது.

செய்தி பரவி எல்லாக் குலங்களும் கூடியிருந்தன. வேடிக்கை பார்க்க முறை எதுவும் கிடையாதே!

"எங்கே உன் குலம்?" என்றான் பெருவாலன்.

"எங்கே உன் குலம்?" என்றது காகமும். மணல்வெளியை ஆவலோடு பார்த்தது. "மேலே ஒருவரையும் காணோமே! தலைவரே, நான் சொன்னேன் அல்லவா!"

"தலைவரே," என்றாள் மினுக்கி, "இடத்தை நான் காட்டமாட்டேன். நான் காட்டினால் அங்கே நாலு பேரைக் கொண்டுவந்து வைத்தேன் என்பார்கள். நீங்களே சொல்லுங்கள். உங்கள் மனதுக்குத் தோன்றும் எந்த மரமானாலும் சரி. அதன் அடியில் என் ஆட்கள் இருப்பார்கள்."

கூட்டம் சலசலத்தது. என்ன துணிச்சல் இந்தக் குட்டிக்கு!

பெருவாலன் சுற்றிலும் பார்த்தான். சாட்டை இடையில் புகுந்து, "அதோ, அந்தப் பட்ட மரம்! அதில் இலைகூடக் கிடையாது," என்றான்.

"சரி," என்றாள் மினுக்கி. "வாலாட்டி அக்கா, அந்த மரத்தடி மணலைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்."

வாலாட்டிக் குருவி பறந்துபோய் வாலை விசிறி மணலைக் கூட்டியது. ஒரு கோடுகூட இல்லாமல், பால்மேல் படியும் ஆடைபோல மணல் சமமானது. எல்லாரும் விலகி நின்றார்கள். சூரியன் அப்போதுதான் கிளம்பி, சாய்ந்த வெளிச்சம் மணலைத் தடவிக்கொண்டிருந்தது.

மினுக்கி வாலைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. காகம் கனைத்தது.

பிறகு, மணலில் ஒரு கோடு எழுந்தது.

மேலே யாரும் இல்லை. காலில்லை, உடம்பில்லை, நிழலில்லை. மணல் தானே மெல்லப் புடைத்து, தானே நெளிந்து, தானே ஓடியது. மரத்தடியிலிருந்து கிளம்பி வெளியே போய் வளைந்து திரும்பியது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று.

"யார் எழுதுவது?" என்று மொட்டைவாலி கத்தினாள்.

"என் ஆட்கள்," என்றாள் மினுக்கி. "தோலுக்கும் சதைக்கும் நடுவே போவதுபோல, மணலின் மேற்புறத்துக்குச் சற்றுக் கீழே போகிறார்கள். மேலே வரமாட்டார்கள். வந்தால் இங்கே இருப்பவர்கள் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு மரம் சொல்லுங்கள் தலைவரே!"

பெருவாலன் கிழக்கே ஒரு மரத்தைச் சொன்னான். அங்கேயும் கோடுகள் எழுந்தன. மேற்கே சொன்னான். அங்கேயும் எழுந்தன. அப்புறம் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். சொல்லத் தேவையே இருக்கவில்லை. தட்டல் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, காலை வெயிலில், செம்மணல் வெளி முழுவதும் கோடுகள் எழுந்து நெளிந்து ஓடின. குழந்தைகள் கோலப்பொடியைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினதுபோல! வடக்கே மணல்மேடுவரை! தெற்கே உப்பு ஏரிவரை!

பெருவாலன் நாக்கை நீட்டியவன் உள்ளே இழுக்க மறந்துபோனான்.

"ஊர்சுற்றி! எங்கேயும் பார்த்ததில்லை என்றாயே!"

"மேலேயிருந்து பார்த்தால் தெரியாது தலைவரே..." என்று காகம் இழுத்தது.

"அப்படியானால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்! இல்லை என்று ஏன் சொன்னாய்?"

காகம் இறக்கையைக் கோதத் தொடங்கியது.

மினுக்கிக்கு வெற்றி என்று எல்லாரும் நினைத்த அந்த நேரத்தில் சாட்டை நெளிந்து முன்னால் வந்தான். அவன் குரலில் இப்போது தேன் சொட்டியது.

"அன்புத் தங்கச்சி! அன்றைக்கு உன்னை அடையாளம் தெரியாமல் பேசிவிட்டேன். தலைவரே, தடத்தைப் பாருங்கள். நெளிகோடு! ஒரு கால்புள்ளிகூட இல்லை! உங்கள் சட்டப்படி நெளிகோடு எங்கள் குலம். இவர்கள் அத்தனை பேரும் பாம்புக் குலம். எங்கள் முறையில், உச்சி வேளையில், எங்களோடு குடிக்கட்டும். எங்கள் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

பின்னால் நின்ற பாம்புகள் உதட்டை நக்கிக்கொண்டன.

மினுக்கி பின்வாங்கினாள். ஒரு குலத்தின் முறையில் உள்ளே என்ன நடந்தாலும் தலைவன் கேட்கமாட்டான். பல்லிகள் தங்கள் முறையில் வாயைத் தண்ணீருக்கு மட்டும்தான் திறப்போம் என்று சத்தியம் செய்தவர்கள். பாம்புகள் அப்படி எந்தச் சத்தியமும் செய்யவில்லை. பாம்பு முறையில் போனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தானும் தன் ஊரும் பாம்பின் வயிற்றுக்குள் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்லை தலைவரே! எங்களுக்குக் கால் உண்டு!" அவள் மணலிலிருந்து முழு உடம்பையும் வெளியே இழுத்துப் போட்டாள். "பாருங்கள்!"

"மலைப்பாம்புக்கும் பின்னால் நகம் உண்டு," என்றான் சாட்டை அலட்சியமாக. "காலாம் கால்! கடுகளவு!"

பெருவாலன் தடுமாறினான். தடத்தைப் பார்த்தான். மினுக்கியைப் பார்த்தான். மறுபடி தடத்தைப் பார்த்தான். தடத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவன் அவன். தடம் பாம்பு என்றது.

"சட்டப்படி பார்த்தால்..." என்று ஆரம்பித்தான்.

எல்லாரும் தலைவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகம் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொழுத்த அரணை ஒன்று, முழு உடம்போடு, வெட்டவெளியில்! இத்தனை பேச்சும் அதன் காதில் விழவில்லை. பதவி போகட்டும், காலைச் சாப்பாடாவது மிஞ்சட்டும் என்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மினுக்கியின் வாலைக் கவ்வி மேலே தூக்கியது.

மினுக்கி அலறவில்லை. உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள்.

பட்!

அவள் மணலில் விழுந்தாள். வால் மட்டும் காகத்தின் அலகில் இருந்தது. அந்த வால் இடமும் வலமும் துள்ளி, காகத்தின் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தது. காகம் அதை விடவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடியது.



"வாலை விட்டுவிட்டாள்!" என்று ஒரு கூச்சல் கிளம்பியது. மொட்டைவாலி முண்டியடித்து முன்னால் வந்தாள். "தலைவரே, பார்த்தீர்களா! வாலை விட்டுவிட்டாள்! எதிரியிடம் வாலைக் கொடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். போன கோடையில் நானும் இப்படித்தான் விட்டேன். அதனால்தானே என்னை மொட்டைவாலி என்கிறீர்கள்! இவள் எங்கள் பெண்!"

"கையைக் காணோம் என்று அன்றைக்கு நீதானே விரட்டினாய்?" என்றது வாலாட்டிக் குருவி.

மொட்டைவாலி தலையைக் குனிந்தாள். "கையைத்தான் தேடினேன். தேட வேண்டியது எது என்று எனக்குத் தெரியவில்லை."

சாட்டை சீறினான். "ஒரு வாலை வைத்துக்கொண்டா குலத்தைச் சொல்வது?"

மினுக்கி தலையைத் தூக்கினாள். வாலிருந்த இடம் வலித்தது. ஆனாலும் அவள் குரல் தெளிவாக வந்தது.

"அண்ணே, நாமெல்லாரும் ஒரே குலம் என்றீர்களே! எங்கே, உங்கள் வாலையும் கொஞ்சம் கழற்றிக் காட்டுங்களேன்!"

கங்காருக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஈமுக்கோழி சிரித்த சிரிப்பில் அதற்கு விக்கலே வந்துவிட்டது.

"அதுகூட வேண்டாம்," என்றாள் மினுக்கி. "ஒரே ஒரு தடவை கண்ணை இமைத்துக் காட்டுங்கள். போதும்."

அவள் பெருவாலனைப் பார்த்து நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தாள். பெருவாலனும் தன்னை அறியாமல் கண்ணை மூடித் திறந்தான். எல்லாரும் சாட்டையைப் பார்த்தார்கள். சாட்டை வெறித்துப் பார்த்தான். வெறித்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு இமையே கிடையாது. கடைசியில் வெறித்த கண்ணோடேயே திரும்பி ஊசிப்புல்லுக்குள் போய்விட்டான். அவன் பின்னாலேயே மற்றப் பாம்புகளும் சத்தமில்லாமல் நழுவின.

பெருவாலன் வாலால் தரையை அடித்தான்.

"எல்லாரும் கேளுங்கள்! கால் குறைந்தால் குலம் மாறாது. இவர்கள் பல்லிக் குலம். அந்தக் குலத்தில் அரணை வீடு. வெயில் ஏறும் முறை இவர்களுக்கும் உண்டு. இவர்கள் ஊர் வடக்கே மணல்மேடு முதல் தெற்கே உப்பு ஏரிவரை. இந்தக் குளத்தைச் சுற்றி இத்தனை பெரிய ஊர் வேறு யாருக்கும் இல்லை!"

சற்று நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "தடம் படிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். மேல்பக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறேன். இனி யாருடைய ஊரையும் கேட்பதற்கு முன்னால் தாடையைத் தரையில் வைத்துக் கேட்பேன்."

அன்றே காகத்தின் பதவி போனது. கன்னம் வீங்கிய காகம், யார் ஊரையும் பற்றி வாய் திறக்காமல், உப்பு ஏரிப் பக்கம் பறந்துவிட்டது.

மினுக்கி குளத்தை நோக்கி நகர்ந்தாள். மொட்டைவாலி ஓடிவந்து வழிவிடச் சொல்லி எல்லாரையும் விலக்கினாள். "தள்ளுங்கள், தள்ளுங்கள்! எங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி வருகிறாள்!"

வெள்ளைப் பாறையின் அடி இன்னும் தெரியவில்லை. மினுக்கி ஈரமணலில் வாயை வைத்தாள். குடித்தாள். நிறுத்தி மூச்சுவிட்டுவிட்டு மறுபடி குடித்தாள். உடம்பு மெல்ல மெல்லப் பழையபடி மின்னத் தொடங்கியது.

அப்போது கரைமணல் முழுவதும் நடுங்கியது. நாலு திசையிலிருந்தும் கோடுகள் குளத்தை நோக்கி ஓடிவந்தன. எல்லாக் கோடுகளுக்கும் முன்னால் வந்த கோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. கரையோரம் வந்ததும் அவை நின்றன. மணலுக்குள்ளேயே, ஈரத்தில் வாய்வைத்து, ஓர் ஊர் முழுவதும் குடித்தது. குளத்தின் மேல்நீரில் ஒரு துளிகூடக் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

உச்சி வேளைக்குள் மினுக்கிக்குக் குட்டிகள் பிறந்தன. நூல் துண்டுகளைப்போல மெல்லிய, செம்பு நிறக் குட்டிகள். ஒவ்வொன்றும் ஈரமணலை ஒருதரம் முகர்ந்துவிட்டு, ஆளுக்கொரு திசையாகப் புறப்பட்டன. மினுக்கி தடுக்கவில்லை.

"போங்கள்," என்றாள். "எந்த மரத்தடியில் இருந்தாலும் மணலைத் தட்டுங்கள். பதில் வரும்."

நம் கண்ணில் படவில்லை என்பதற்காக ஒருவருக்குக் குலமும் இல்லை, ஊரும் இல்லை என்று தீர்ப்புச் சொல்பவர், தம் பார்வை எவ்வளவு குறுகியது என்பதைத்தான் உலகத்துக்குச் சொல்லிக்கொள்கிறார்.